மாமியாரின் கண் எந்தக் கேட்டகிரி?

முதலில் ஒரு சின்னக் கேள்வி.

மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். லென்ஸ், மருந்து, போக வர ஆட்டோ எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். வீட்டில் கணவன், மனைவி இரண்டு பேருக்கும் சம்பளம். மாசச் செலவை போனில் ஓர் ஆப் வைத்துப் பகிர்ந்து எழுதிக்கொள்கிறார்கள். அதில் ஒவ்வொரு செலவையும் இரண்டில் ஒரு பெட்டிக்குள் போட்டாக வேண்டும். ஒன்று, பொதுச் செலவு. இன்னொன்று, தனிச் செலவு. இந்த 42,000 எந்தப் பெட்டி?

"இதென்ன சார் கேள்வி? குடும்பம்னா எல்லாமே பொதுதானே!" என்று பெருந்தன்மையாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மாமியார் என்றுதான் சொன்னேன். யாருக்கு மாமியார் என்று சொல்லவில்லையே? முக்கால்வாசிப் பேர் பையனைப் பெற்றவளை நினைத்திருப்பீர்கள். பெண்ணைப் பெற்றவளும் மாமியார்தான், மாப்பிள்ளைக்கு. இப்போது மறுபடி யோசியுங்கள். பதில் மாறுகிறதா?

மாறவில்லை என்றால் நீங்கள் உத்தமர். இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு சினிமா நியூஸுக்குப் போகலாம். லேசாக மாறியது என்றால், நாம் பேசுவதற்கு நிறைய இருக்கிறது.

எனக்குத் தெரிந்த இளம் ஜோடி ஒன்று. பழைய மகாபலிபுரம் ரோட்டில் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்குக் கையில் வருவது 1,10,000. அவளுக்கு 60,000. கல்யாணமான முதல் மாதமே ஆப்பை இறக்கிவிட்டார்கள். வாடகை, மளிகை, கரன்ட், கேஸ், ஸ்விக்கி எல்லாம் பொது. ஆளுக்குப் பாதி. அவன் ஷூ, அவள் சுடிதார் எல்லாம் தனி. ஒரு வருடம் சண்டையே இல்லை. 'எங்கள் வீட்டில் பண விஷயத்தில் ரொம்ப கிளியர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவனுடைய அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. 42,000 ரூபாயை அவன் 'பொது' என்று போட்டான். மறுநாள் பார்த்தால் அது 'தனி'யாக மாறியிருந்தது. அவன் திரும்ப மாற்றினான். ராத்திரி பதினொன்றரைக்கு அது மறுபடி 'தனி'யானது. மூன்று நாள் இப்படியே போயிற்று. வீட்டில் இரண்டு பேரும் வாய் திறந்து பேசவில்லை. போன் மட்டும் 'டிங் டிங்' என்று பேசிக்கொண்டிருந்தது.

விஷயம் என் காதுக்கு வந்தபோது அந்தப் பெண் சொன்னாள்: "அத்தை கண்ணு நல்லா இருக்கணும் அங்கிள். அதுக்கு 42,000 என்ன, இன்னும்கூட தர்றேன். ஆனா போன வருஷம் எங்கப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் பண்ணப்ப நான் 35,000 கட்டினேன். அத 'பர்சனல்'னு போட்டது யாருன்னு கேளுங்க."

கேட்டேன். "அப்போ ஆப் புதுசு அங்கிள், ஏதோ தெரியாம அமுக்கிட்டேன்" என்றான். தெரியாமல் அமுக்கும் விரல்களுக்குத்தான் எத்தனை தெளிவு!

சண்டை 42,000 ரூபாய்க்காக நடக்கவில்லை என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். 'நாம்' என்ற வட்டத்துக்குள் யார் யார் உண்டு என்பதுதான் சண்டை. தமிழில் இதற்கு நுணுக்கமான வசதி இருக்கிறது. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. ஒரு வீட்டில் 'உங்க அம்மா' என்றைக்கு 'நம்ம அம்மா' ஆகிறாள், 'எங்க அப்பா' என்றைக்கு 'நம்ம அப்பா' ஆகிறார் என்பது சின்ன விஷயமா என்ன? இத்தனை நாள் குரலிலும் முகத்திலும் ஒளிந்திருந்த அந்தக் கேள்வியை ஆப் கொண்டுவந்து திரையில் போட்டுவிட்டது. பொதுவா, தனியா, அமுக்கு!

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சுவாரஸ்யம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது 2007-ல். பெற்றோரைக் காப்பாற்ற வேண்டிய 'பிள்ளைகள்' யார் என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. மகன், மகள், பேரன், பேத்தி. மகனும் மகளும் ஒரே வரியில், ஒரே தராசில். மருமகனும் மருமகளும் அந்த விளக்கத்தில் இல்லை. அவர்களையும் சேர்க்க 2019-ல் ஒரு திருத்த மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதாவது அவனுக்கு அவன் அம்மா எப்படியோ, அவளுக்கு அவள் அப்பா அப்படியே. 'பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, இனிமே அவங்க வீட்டுச் செலவு அவங்க பாடு' என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. நம் மனசில்தான் எழுதி, லேமினேஷனும் பண்ணி வைத்திருக்கிறோம்.

*

இந்தக் கதையைப் பெரியவர்களிடம் சொன்னால் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள கணக்கா? எங்க காலத்துல இப்படியா இருந்தோம்?"

ஐயா, உங்கள் காலத்தில் கணக்கு இல்லையா? பால் போட்ட நாளைக் காலண்டரில் கோடு கிழித்தது யார்? வண்ணானுக்குப் போட்ட துணிக்கு ஒரு நோட்டு, அண்ணாச்சி கடைக்கு ஒரு நோட்டு. ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போதே, "காலைல குடுத்த அம்பதுல மிச்சம் எங்க?" என்று கேட்ட குரல் எத்தனை வீடுகளில் ஒலித்தது! கணக்கு இருந்தது. கேட்பவர் எப்போதும் ஒருவர், சொல்பவர் எப்போதும் இன்னொருவர் என்று இருந்தது. அதனால் கேட்டவருக்கு மட்டும் கணக்கே இல்லாத மாதிரி ஒரு ஞாபகம்.

கணக்கு என்ற சொல்லைத் தமிழர்கள் எப்படியெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரி வாசலில் நின்று ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால், "கணக்கு பண்றான்" என்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு அவனே ஒவ்வொரு ரூபாய்க்கும் யோசித்தால், "ரொம்பக் கணக்கு பார்க்கறான்". இன்னொருவரின் செலவுக்கு விளக்கம் கேட்டால், "கணக்குக் கேட்கறான்". கடைசியில் அரிவாளைத் தூக்கிவிட்டால், "கணக்குத் தீர்த்துட்டான்". காதலில் ஆரம்பித்து கொலை வரைக்கும் ஒரே சொல்.

இவற்றில் கணக்குப் பார்ப்பதற்கும் கணக்குக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிசு. பார்ப்பது என்றால் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே காகிதத்தைப் பார்க்கலாம். கேட்பது என்றால் ஒருவர் நாற்காலியில், மற்றவர் எதிரே நின்றுகொண்டு. கேட்கும் இடத்தில் எப்போதும் ஒரு விரிசல் தயாராக இருக்கிறது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். பொதுக்கூட்ட மேடையில் கட்சிக்காரர்களிடம் கணக்குக் கேட்டார். அந்த மாதமே தி.மு.க-விலிருந்து நீக்கப்பட்டார். அந்த மாதமே இன்னொரு கட்சி பிறந்தது. கேட்டது சரியா தப்பா என்பது வேறு விவாதம். லட்சக்கணக்கான பேர் இருந்த கட்சியே தாங்கவில்லை என்றால், இரண்டே பேர் இருக்கும் கட்சி எம்மாத்திரம்?

*

இப்போது ஆப்புக்கு வருவோம். நமக்கு யு.பி.ஐ. வந்தது 2016-ல். அதற்கு முன்னால் செலவு பண்ணுவது ஒரு வேலை, கணக்கு எழுதுவது இன்னொரு வேலை. இரண்டாவதில் சோம்பேறித்தனம் பட்டால் தப்பித்தோம். இப்போது பூக்காரம்மாவுக்கு 30 ரூபாய் ஸ்கேன் பண்ணின கையோடு தேதி, நேரம் எல்லாம் பதிவாகிவிடுகிறது. சில பேங்க் ஆப்கள் அதை ஃபுட், டிராவல், பில்ஸ், ஷாப்பிங் என்று பிரித்து, மாசக் கடைசியில் பீட்ஸா மாதிரி துண்டு போட்டுக் காட்டுகின்றன.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து கணக்கு எழுதும் ஆப்களும் உண்டு. அதில் பெயர் பெற்றது ஸ்ப்ளிட்வைஸ். 2011-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். ஒரே வீட்டில் குடியிருக்கும் ரூம்மேட்டுகள் வாடகையைத் தகராறில்லாமல் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆரம்ப யோசனை. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று காட்டும். 'செட்டில் அப்' என்று ஒரு பட்டன். கொடுத்து முடித்தால் பாக்கி பூஜ்யம், எல்லோரும் சந்தோஷம்.

ரூம்மேட்டுக்கு இது சரி. நாளைக்கு அவன் பெங்களூர் போய்விடுவான். போகும்போது அவனுக்கும் நமக்கும் ஒரு பைசா பாக்கி இருக்கக்கூடாது. பூஜ்யம்தான் அங்கே மரியாதை. ஆனால் கணவன் மனைவிக்குள் பாக்கி பூஜ்யமாகும் நாள் எது தெரியுமா? குடும்பநல கோர்ட்டில் கையெழுத்துப் போடும் நாள்!

நம் ஊரில் மொய் எழுதுகிறவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. கறி சோறு போட்டு, மேஜை போட்டு, நோட்டு வைத்து எழுதுவார்கள். அதில் ஒளிவு மறைவு கிடையாது, வெட்கமும் கிடையாது. அன்புக்கும் நோட்டுக்கும் பகை என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் போன தடவை செய்த 5,000-ஐ அவர் திருப்பும்போது அதற்கு மேலே புது மொய்யாகக் கொஞ்சம் சேர்த்து வைப்பார். இப்போது பாக்கி உங்கள் பக்கம். அடுத்த விருந்தில் நீங்கள் சேர்ப்பீர்கள். சரியாக 5,000 மட்டும் வந்தால், 'இத்தோட நம்ம கணக்கு முடிஞ்சுது' என்று அர்த்தம். கணக்கு நேராகாமல் இருப்பதில்தான் உறவு ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று மேல்நாட்டில் உண்டு. எர்னஸ்ட் தாம்ப்ஸன் செட்டன் என்று ஒரு எழுத்தாளர், 1860-ல் பிறந்தவர். காட்டு மிருகங்களைப் பற்றிக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். அவருக்கு 21 வயது ஆனதும் அப்பா கூப்பிட்டு ஒரு பில்லை நீட்டினாராம். பையனை வளர்த்ததற்கு அதுவரை ஆன செலவு, பிரசவம் பார்த்த டாக்டரின் ஃபீஸ் உட்பட! செட்டனும் அதைக் கட்டித் தீர்த்தாராம். ஒரு ரூபாய் தவறில்லாத கணக்காக இருந்திருக்கலாம். அந்தக் கணக்குக்குப் பிறகு 'அப்பா' என்ற வார்த்தைக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?

*

ஆக, கணக்கே வேண்டாம், ஆப்பை அழித்துவிடலாம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

2023 பிப்ரவரி முடிய, நம் பொதுத்துறை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் ஒப்படைத்த உரிமை கோரப்படாத டெபாசிட் 35,012 கோடி ரூபாய். பத்து வருடத்துக்கு மேல் யாரும் தொடாத பணம். பிரைவேட் பேங்க் பணம் இதில் சேரவில்லை. யாருடைய பணம் இது? ஊர் மாறி மறந்துபோனவர்கள் இருப்பார்கள். எதில் எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று வீட்டில் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டவர்களும் இருப்பார்கள். 'எல்லாம் அவர் பாத்துப்பார்' என்று இருந்த மனைவி, அவர் போன பிறகு பீரோவைக் குடைந்து, பாஸ்புக்கைத் தேடி, கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைவதை நாம் பார்த்ததில்லையா? அந்த அலைச்சலைக் குறைக்கத்தான் அதே 2023-ல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்று ஒரு இணையதளமே திறந்தது.

கணக்குப் பார்க்காத அன்பு கேட்க அழகாக இருக்கும். அதற்கான பில் பெரும்பாலும் பெண்ணிடம்தான் வருகிறது, அதுவும் அவள் தனியாக இருக்கும்போது. ஆகவே கணக்கு வேண்டும். எந்தக் கணக்கு, யார் போடும் கணக்கு என்பதுதான் பிரச்னை.

அந்த ஜோடியின் பாதிப் பாதி ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். பொதுச் செலவு மாதம் 85,000. ஆளுக்கு 42,500. அவன் கையில் மிச்சம் 67,500. அவள் கையில் 17,500. 'சமம்தானே?' என்று ஆப் சொல்கிறது. இரண்டாயிரத்து முந்நூறு வருடம் முன்னால் அரிஸ்டாட்டில் இதைப் பிரித்து வைத்துவிட்டுப் போனார். எண்ணிக்கையில் சமம் ஒன்று, விகிதத்தில் சமம் ஒன்று. சம்பள விகிதப்படி போட்டால் அவன் 55,000, அவள் 30,000. இரண்டு பேரும் தங்கள் சம்பளத்தில் சரியாகப் பாதியைத் தருகிறார்கள், பாதியை வைத்துக்கொள்கிறார்கள். ரூம்மேட்டிடம் 'உன் சம்பளம் அதிகம், நீ வாடகை அதிகம் கொடு' என்று கேட்க முடியாது. கட்டிக்கொண்டவரிடம் கேட்கலாம். கேட்காமலே கொடுக்கவும் செய்யலாம்.

இதுவும் பாதி நியாயம்தான். ஏனென்றால் ஆப்புக்குப் பணம் நகர்ந்தால்தான் கண் தெரியும். ஆபீஸ் விட்டு வந்து மாவரைத்தால் நோட்டிஃபிகேஷன் வராது. குழந்தைக்கு ஜுரம் என்று அவள் லீவு போட்டால் எந்த பீட்ஸாத் துண்டிலும் அது ஏறாது. பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டவளின் வராத சம்பளத்துக்கு எந்தக் கேட்டகிரி?

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 'பரவாயில்லையே, ஒண்ணரை மணி நேரம் பண்றோமே' என்று ஆண்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இது வீட்டு வேலையில் கை வைக்கிறவர்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. கை வைக்காத பெருமக்கள் இந்த 88-ல் வரவே இல்லை! 289-க்கும் 88-க்கும் நடுவில் தினமும் மூன்று மணி இருபத்தொரு நிமிடம். இதை 'செட்டில் அப்' பண்ண எந்த பட்டனை அமுக்குவது?

கோர்ட்டுகள் இந்த இடத்தில் ஆப்பைவிடக் கொஞ்சம் முன்னே போயிருக்கின்றன. ஒரு தீ விபத்தில் இறந்தவர்களுக்கான நஷ்டஈட்டு வழக்கில், 2001-ல் சுப்ரீம் கோர்ட் இல்லத்தரசியின் வீட்டு வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. சந்தோஷம்தான். ஆனால் யோசித்தால் நெஞ்சில் குத்துகிறது. உயிரோடு இருந்தவரை 'அதர்ஸ்' கேட்டகிரியில்கூட இடமில்லாதவளுக்கு, செத்த பிறகுதான் ஒரு தொகை எழுதப்படுகிறது.

2023 ஜூனில் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே ஒரு தீர்ப்பு. கணவர் பல வருடம் சவுதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்று பிறகு தகராறு. 'சம்பாதித்தவன் நான்' என்பது கணவரின் வாதம். வீட்டை அவர் பார்த்துக்கொண்டதால்தான் இவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவருக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. மணியார்டரில் அனுப்புநர் பெயர் ஒன்றாக இருக்கலாம். சம்பாதித்தவர்கள் இரண்டு பேர்.

*

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு பேரும் பார்க்கலாம் என்றால், எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டுமா?

நம் பாட்டிகளிடம் 'சிறுவாடு' என்று ஒன்று இருந்தது. கடுகு டப்பாவில், அரிசிப் பானையின் அடியில், அஞ்சறைப் பெட்டியில், புடவை மடிப்பில். காய்கறியில் மிச்சம் பிடித்த நாலணா, எட்டணா. அதற்குக் கணக்கு கிடையாது, கேட்பாரும் கிடையாது. பேரனுக்கு மிட்டாய், பிறந்த வீட்டுத் தம்பிக்கு அவசர உதவி, ஒரு நாள் புருஷன் கைவிரித்து நிற்கும்போது பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் அதிலிருந்துதான் முளைக்கும்.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கறுப்புப் பணம் வெளியே வந்ததோ இல்லையோ, கடுகு டப்பாப் பணம் வந்தது. நாடு முழுக்க மனைவிகள் சங்கடத்தோடு நோட்டுகளைக் கணவன் கையில் கொடுத்தார்கள். இரண்டரை லட்சம் வரை டெபாசிட் பண்ணும் இல்லத்தரசிகளை வருமான வரித் துறை கேள்வி கேட்காது என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. வரித் துறை கேட்கவில்லை. வீட்டில் கேட்டார்கள்!

யு.பி.ஐ. பிறந்ததும் அதே வருடம்தான். ஒரே வருடத்தில் கடுகு டப்பா மூடி, ஆப் திறந்தது. ஆப்பில் அரிசிப் பானை கிடையாது. அம்மாவுக்கு 500 அனுப்பினால் அதுவும் ஒரு வரி, அதற்கும் ஒரு தேதி. இரண்டு பேரும் பார்க்கும் கணக்கில் ஒருவர் தன் சிநேகிதிக்கு பிறந்த நாள் பரிசு வாங்கினால்கூட, 'யாருக்கு?' என்ற கேள்வி வருமோ என்று விரல் ஒரு நொடி தயங்குகிறது. அந்த ஒரு நொடித் தயக்கம்தான் நான் கவலைப்படும் விஷயம்.

சிறுவாட்டைப் பார்த்து ரொம்பவும் உருகிவிட வேண்டாம். சொந்தப் பணம் என்று வெளியே சொல்ல முடியாதவள்தான் ஒளித்து வைத்தாள். திருட்டு மாதிரி ஒளிக்க வேண்டியிருந்தது அவமானம். ஆனால் அதற்குள்ளே ஒரு நியாயமான ஆசை இருந்தது. யாருக்கும் விளக்கம் சொல்லாமல் செலவழிக்கக் கொஞ்சம் பணம் வேண்டும் என்ற ஆசை. மனுஷனாகப் பிறந்த யாருக்கும் அது வேண்டும், ஆண் பெண் பேதமில்லாமல். அதை ஒளிக்காமல் கொடுக்க முடியும் என்பதே நம் காலத்து வசதி. இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு, இதற்குக் கேட்டகிரி கிடையாது, கேள்வியும் கிடையாது. அவன் பழைய நண்பனுக்குக் கைமாற்றாகக் கொடுத்து ஏமாறட்டும். அவள் நாலாவது ஹேண்ட்பேக் வாங்கட்டும். கணவன் மனைவிக்குள் ரகசியமே கூடாது என்று சொல்கிறவர்கள், பெரும்பாலும் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்.

*

மாமியார் விஷயத்துக்கு ஒரு வழி சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வீட்டில் ஒரே மாம்பழம் இருந்தால் அம்மா என்ன செய்வாள்? கத்தியை அண்ணன் கையில் கொடுப்பாள். "நீ வெட்டு. ஆனா முதல்ல தம்பி எடுப்பான்." எந்தத் துண்டு தனக்கு வரும் என்று தெரியாதவன் தங்கம் நிறுப்பது மாதிரி வெட்டுவான். ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1971-ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். சமூகத்துக்கு விதி போடுகிறவன், அதில் தான் எந்த இடத்தில் பிறக்கப்போகிறோம் என்று தெரியாதவனாக நினைத்துக்கொண்டு போட வேண்டும், அப்போதுதான் விதி நியாயமாக இருக்கும் என்பது அதன் சாரம். அம்மாவின் மாம்பழத்துக்குப் பக்கத்து வீட்டு யோசனை அது.

கேட்டகிரிக்கும் இதுவே விதி. யாருடைய அம்மா என்று தெரியாத மாதிரி பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பெற்றவர்களின் வைத்தியம் பொது என்றால் நாலு பேருக்கும் பொது. தனி என்றால் நாலு பேருக்கும் தனி. இரண்டில் எதுவானாலும் கௌரவமாக வாழலாம். 'எங்கம்மா பொது, உங்கப்பா தனி' என்பதில் மட்டும் வாழ முடியாது. முக்கியமாக, ஆபரேஷன் வருவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள். பில் கையில் வந்த பிறகு எவனும் நியாயஸ்தன் கிடையாது.

அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு வருடம் பின்னால் போய், 35,000 ரூபாயைத் தேடி எடுத்து 'பொது' என்று மாற்றினான். மாற்றியதற்கு அவள் போனில் 'டிங்' என்று சத்தம் வந்திருக்கும். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் கணக்கு.

பேங்கில் கணவன் மனைவி சேர்ந்து அக்கவுன்ட் ஆரம்பித்தால் ஃபாரத்தில் ஒரு வரிக்கு டிக் போடச் சொல்வார்கள். 'ஐதர் ஆர் சர்வைவர்'. இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் போய்விட்டால் மிஞ்சியிருப்பவர் எடுக்கலாம் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில் எவ்வளவோ அச்சடிக்கிறோம். ஒருத்தர் முதலில் போகத்தான் போகிறோம், அதுவரைக்கும் இது யார் பணம் என்று கேட்டுக்கொள்ள வேண்டாம் என்று இவ்வளவு நேர்மையாக எழுதியது ஒரு பேங்க் ஃபாரம்தான்.

கையெழுத்துப் போடும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. ஒரு தடவை படித்துப் பாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து.